மூக்கைக் கட்டினால் மட்டும் போதாது

சேலம் மாவட்டத்தில் தலைவாசல் ஊர்ப் பக்கம் ஒரு கத்தரிக் காட்டில் காலை 7 மணிக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவரைக் கவனித்துப் பாருங்கள். முகத்தில் துண்டை இறுக்கிச் சுற்றியிருப்பார். மேலே அரைக்கைச் சட்டை, கீழே தொடைவரை மடித்துக் கட்டிய லுங்கி, காலில் செருப்புகூட இருக்காது. முதுகில் 16 லிட்டர் டேங்க். மூன்றாவது டேங்க் முடிவதற்குள் தோளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும். கேட்டால் "வேர்வைதாங்க" என்பார். பக்கத்தில் போனால் சட்டையில் மருந்து வாடை அடிக்கும்.

வாடை மூக்குக்குத் தெரிகிறது. அதனால் ஆபத்தும் மூக்கு வழியாகத்தான் வருகிறது என்று நினைத்து மூக்கை மட்டும் கட்டிக்கொள்கிறோம். கைத்தெளிப்பானிலிருந்து வரும் துளிகளில் பெரும்பாலானவை நுரையீரலின் அடிவரை போகிற அளவுக்குப் பொடியானவை அல்ல. காட்டில் வேலை செய்கிறவர் உடம்புக்குள் போகிற மருந்தில் பெரும்பங்கு தோல் வழியாகவே போகிறது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்ல. பாரத்தியான் என்ற பழைய மருந்தை வைத்து மனிதத் தோலில் அளந்த கணக்கு ஒன்று உண்டு. முன்கை உறிஞ்சுவதை 1 என்று வைத்தால் உள்ளங்கை 1.3, வயிறு 2, தலை ஏறக்குறைய 4, நெற்றியும் 4க்குச் சற்று மேல், காதுத் துளை 5க்கு மேல், விரைப்பை ஏறக்குறைய 12. ஒழுகுகிற டேங்கிலிருந்து மருந்து எங்கே போகிறது என்று இப்போது யோசியுங்கள். முதுகில் இறங்கி, இடுப்புக் கயிற்றில் தேங்கி, உள்ளாடைத் துணியில் ஊறி, உடம்பிலேயே மிக வேகமாக உறிஞ்சுகிற இடத்தில் போய் நிற்கிறது. அந்தத் துணியோடுதான் மதியம் வரை நடக்கிறோம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மருந்து இன்றைக்கு எந்தெந்த இடத்தில் என் தோலைத் தொடுகிறது?

முதல் இடம் கலக்குகிற இடம். லிட்டருக்கு 2 மில்லி என்று சொன்ன மருந்து, தெளிக்கிற கலவையைவிட 500 மடங்கு வீரியம் உள்ளது. கலக்கும்போது கையில் படுகிற ஒரு சொட்டு, பிறகு தெளிக்கும்போது படுகிற 500 சொட்டுக்குச் சமம். ஆனால் நம் ஆட்கள் தெளிக்கப் போகும்போதுதான் துண்டு கட்டுவார்கள், கலக்கும்போது வெறுங்கை. பாட்டில் மூடியின் உள்பக்கத் தகட்டைப் பல்லால் கடித்துக் கிழிப்பதையும், வாளிக்குள் முழங்கை வரை விட்டுக் கலக்குவதையும் இன்றும் பார்க்கலாம். குருணை மருந்தை மணலோடு வெறுங்கையால் பிசைந்து தூவுவதும் அதே கணக்குதான்.

கலக்குவதற்கு வேண்டியவை அதிகமில்லை. நைட்ரைல் ரப்பர் கையுறை ஒரு ஜோடி, முழங்கை வரை நீளமானது. துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். அது மருந்தை உறிஞ்சித் தோலோடு பிடித்து வைத்திருக்கும். கண்ணாடி. மார்பிலிருந்து முழங்கால் வரை ஒரு பாலிதீன் தாள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதும். கலக்க ஒரு நீளக் குச்சி, அளக்க மில்லி கோடு போட்ட குவளை. பாட்டிலைக் கண் உயரத்துக்குத் தூக்கி ஊற்றாதீர்கள், வயிற்றுக்குக் கீழே வைத்து ஊற்றுங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். தூள் மருந்து என்றால் இது இன்னும் முக்கியம். பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், கிழித்தால் புகைபோல முகத்தில் எழும்.

இன்னொன்றைக் கிணற்று மேட்டிலும் போர்வெல் பக்கத்திலும் தொடர்ந்து பார்க்கிறோம். டிரம்மில் மருந்தை ஊற்றிவிட்டு, மோட்டார் குழாயின் முனையை அதற்குள் போட்டு நிரப்புகிறார்கள். அந்த நேரம் கரண்ட் போனால் குழாயில் நிற்கிற தண்ணீர் கீழே இறங்கும். இறங்கும்போது டிரம்மில் உள்ள கலவையையும் இழுத்துக்கொண்டு போர்க்குழிக்குள் போகும். அந்தத் தண்ணீரைத்தான் மாலையில் வீட்டுக்குக் குடம் பிடிப்போம். குழாய் முனை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். முதலில் தண்ணீர், குழாயை எடுத்த பிறகு மருந்து. கலக்குகிற இடமும் கிணற்றிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. மருந்துக் கடையில் வழக்கமாகச் சொல்கிற கணக்கு, "டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்கண்ணா" என்பது. எந்த மூடி, எந்த டேங்க்? ஒரு கம்பெனி மூடிக்கும் இன்னொரு கம்பெனி மூடிக்கும் பிடிக்கிற அளவு இரண்டு மடங்குக்கு மேல் மாறும். டேங்க் 10 லிட்டரும் உண்டு, 16ம் உண்டு, 20ம் உண்டு. தவிர ஒருவர் நடக்கிற வேகத்துக்கும் அடுத்தவர் வேகத்துக்கும் ஏக்கருக்கு நான்கு டேங்க் வித்தியாசம் வரும்.

சரியான கணக்கைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். 5 செண்ட் அளந்து குச்சி நடுங்கள். 47 அடிக்கு 46 அடி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும். டேங்கில் வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமாக அடிக்கிற மாதிரியே அந்த 5 செண்டையும் அடியுங்கள். பிறகு டேங்கைப் பழைய கோடு வரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து 20ஆல் பெருக்குங்கள். 10 லிட்டர் பிடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க். லேபிளில் ஏக்கருக்கு 400 மில்லி என்றிருந்தால் டேங்குக்கு 32 மில்லி. அதே காட்டில் புது நாசில் (தெளிப்பு முனை) போட்ட பேட்டரி ஸ்பிரேயரில் 8 லிட்டர்தான் பிடித்தது என்றால் ஏக்கருக்கு 160 லிட்டர், 10 டேங்க். இப்போது டேங்குக்கு 40 மில்லி. லேபிளில் எக்டேர் கணக்கு இருந்தால் இரண்டரையால் வகுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை டேங்கின் மேலேயே பெயின்ட்டால் எழுதிவைத்தால், கூலிக்கு வருகிறவரும் அதைத்தான் பார்ப்பார்.

நாசிலைப் பற்றிப் பலரும் நினைப்பதே இல்லை. ஓட்டை தேய்ந்து அகன்றுவிட்டால் அதே நடைக்குக் கூடுதல் மருந்து போகும், துளியும் பெரிதாகி இலையில் நிற்காமல் தரையில் சொட்டும். புது நாசிலில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி வருகிறது என்று ஒருமுறை பிடித்துக் குறித்து வையுங்கள். அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பாக்கெட்டில் ஒரு மாற்று நாசிலும் பழைய பல் பிரஷ்ஷும் இருந்தால் வேலை ஒரு நிமிடம்கூட நிற்காது.

டேங்க் ஒழுகுகிறதா என்று பார்ப்பதும் எளிது. சீசன் தொடங்குமுன் வீட்டு வாசலிலேயே முக்கால் டேங்க் வெறும் தண்ணீர் ஊற்றி, காய்ந்த வெளிர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு முதுகில் மாட்டி, பம்ப் அடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை குனிந்து நிமிருங்கள். இறக்கி வைத்துவிட்டுச் சட்டையின் முதுகைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே நனைந்திருந்தால் மூடி வாஷர் போய்விட்டது. இடுப்பில் நனைந்திருந்தால் அடியில் பம்ப் சேரும் இடமோ ஹோஸ் கிளிப்போ. வலது கை நனைந்திருந்தால் டிரிகர் வாஷர். எல்லாம் சில்லறை விலைக்கு ஸ்பிரேயர் கடையிலேயே கிடைக்கிற சாமான்கள். இருந்தும் மாற்றுவதில்லை, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி ஓட்டுகிறோம். என்னைக் கேட்டால், மருந்து வாங்குகிற காசில் முதல் நூறு ரூபாய் வாஷருக்குப் போக வேண்டும். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு பாலிதீன் தாளைக் கட்டிக்கொண்டால் மிச்சம் மீதி ஒழுகலும் உடம்பில் படாது. டேங்கைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். குனிந்தால் மூடியின் காற்றுத் துளை வழியாகத் தளும்பி நேராகப் பிடரியில் இறங்கும்.

உடை விஷயத்தில், படத்தில் காட்டுகிற வெள்ளை அங்கியைச் சேலத்து ஏப்ரல் வெயிலில் யாரும் போட முடியாது. போட்டால் வெயிலிலேயே மயங்கி விழுவார்கள். நடைமுறையில் முழுக்கைப் பருத்திச் சட்டை, முழுக்கால் பேன்ட், ரப்பர் பூட்ஸ், தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை என்று வைத்துக்கொள்ளலாம். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே திணித்தால் வழிகிற மருந்து பூட்ஸுக்குள் குளமாகும். கத்தரி, தக்காளி என்று கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு மேலே. மா மரத்துக்கு அண்ணாந்து அடிக்கும்போது கையுறை சட்டைக்கு மேலே, அதன் விளிம்பை வெளிப்பக்கம் மடித்து விடுங்கள். முகத்துத் துண்டு நனைந்துவிட்டால் அது மருந்தை வாயோடும் நெற்றியோடும் ஒட்டிவைக்கிற பஞ்சு. நனைந்த துண்டைவிடத் துண்டே இல்லாமல் இருப்பது மேல். என்95 முகக்கவசம் துளியையும் தூளையும் தடுக்கும், மருந்தின் ஆவியைத் தடுக்காது.

வெயில் ஏறினால் வேர்வையில் ஊறிய தோல் இன்னும் வேகமாக உறிஞ்சும், துளியும் காற்றிலேயே காய்ந்து பறக்கும். காலை 10 மணிக்கு மேல் நிறுத்திவிட்டு, மிச்சம் இருந்தால் மாலை 4க்குப் பிறகு அடிக்கலாம். மோட்டார் ஸ்பிரேயர் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. அதில் தண்ணீர் குறைவு என்பதால் கலவை வீரியம் அதிகம், பனிபோல வரும் பொடித் துளியில் ஒரு பகுதி நிஜமாகவே மூச்சில் போகும். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் மருந்து அடித்தவர்கள் வரிசையாக இறந்தபோது பேசப்பட்ட காரணங்களில் இவையும் இருந்தன: ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிக்கு நடுவே நடந்தது, பல மருந்துகளைச் சேர்த்துக் கலந்தது, பவர் ஸ்பிரேயர். ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கத்துப் பருத்திக்கும் இது பொருந்தும். செடி மார்பளவு வந்துவிட்டால் அதற்குள் புகுந்து நடக்காதீர்கள். காற்று உங்களிடமிருந்து பயிரை நோக்கி வீசட்டும். காற்று போகிற முனையில் தொடங்கி, அடிக்காத பக்கமாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே வாருங்கள். அடித்த செடிக்குள் உங்கள் கால் போகவே கூடாது.

கலவை மருந்து என்றதும் சொல்லியாக வேண்டும். ஒரே டேங்கில் இரண்டு பூச்சி மருந்து, ஒரு பூஞ்சாண மருந்து, ஒரு டானிக், கூடவே 19:19:19 உரம் என்று ஊற்றுகிறோம். பெயர் வேறு வேறாக இருந்தாலும் சரக்கு ஒரே இனமாக இருப்பதுண்டு. குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ், அசிபேட், டைமீத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் ஒரே குடும்பம், பாஸ் குடும்பம். இரண்டைச் சேர்த்தால் பூச்சிக்குப் புதிதாக ஒன்றும் ஆவதில்லை, அடிக்கிறவர் ரத்தத்தில் மட்டும் இரண்டும் கூடும். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், அசிட்டாமிபிரிட் மூன்றும் இன்னொரு குடும்பம். ஒன்றுக்கு அடங்காத வெள்ளை ஈக்கு மற்றதை வாங்குவது அதே பூட்டுக்கு அதே சாவியைப் போடுவதுதான். கலந்தே தீர வேண்டும் என்றால் முதலில் ஒரு லிட்டர் பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். பால்போலத் திரிந்தாலோ, அடியில் மண்போலப் படிந்தாலோ, பாட்டில் சூடானாலோ அந்தக் கூட்டு ஆகாது.

கடையில் பார்க்க வேண்டியது முக்கோண நிறம். சிவப்பு மிகக் கொடிய நச்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு, குளோர்பைரிபாஸ் மஞ்சள், குளோரான்ட்ரனிலிபுரோல் பச்சை. ஒரே புழுவுக்குப் பச்சையில் மருந்து இருக்கும்போது சிவப்பை வாங்குவது, சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக உடம்பை அடகு வைப்பது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. பாராகுவாட் களைக்கொல்லி மஞ்சள்தான். அதன் விஷத்தை முறிக்கிற மருந்தே கிடையாது, வாய்வழி ஒரு மடக்கு போனாலும் நுரையீரல் கெட்டு உயிர் போகும். காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் 2005லேயே தடை, எண்டோசல்பானுக்கு 2011இல் உச்ச நீதிமன்றத் தடை, போரேட் குருணைக்கு 2020 முடிவோடு தடை. பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். பில் கேளுங்கள், அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். அட்டைக்குள் மடித்து வைத்த துண்டுத்தாளை எறியாதீர்கள். எழுத்து எறும்பு அளவில்தான் இருக்கும். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தால் அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்கிற காத்திருப்புக் காலமும் விஷமுறிவு மருந்தும் அதில் கிடைக்கும்.

காத்திருப்புக் காலம் பயிருக்குப் பயிர் மாறும். குளோரான்ட்ரனிலிபுரோலைத் தக்காளிக்கு அடித்தால் 3 நாள் கழித்துப் பறிக்கலாம், கத்தரிக்கு அடித்தால் 22 நாள். ஒரே பாட்டில்தான். கத்தரியை நான்கு நாளுக்கு ஒருமுறை பறித்துத் தலைவாசல் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர் 22 நாள் எப்படிக் காத்திருப்பார்? அந்த மருந்தைக் காய் பிடிக்குமுன்னே முடித்துவிட வேண்டும். காய் பறிப்பு தொடங்கிய பிறகு காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5, வாடிய நுனித் தண்டை வாரம் ஒருமுறை கிள்ளி அழிப்பது, வேப்பங்கொட்டைக் கரைசல் என்று போகலாம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி 200 லிட்டராக்கினால் 5 சதவீதக் கரைசல். இலையில் ஒட்டக் கொஞ்சம் காதி சோப்பு. மாலையில் அடியுங்கள், வெயிலில் அதன் வீரியம் போய்விடும்.

பறிக்கிற பெண்களைப் பற்றி யாரும் லேபிளில் எழுதுவதில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் குண்டுமல்லித் தோட்டங்களில் விடியுமுன்பே நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு பறிப்பு தொடங்கிவிடும். சேலம் பூ மார்க்கெட்டுக்கு விடிய விடியச் சேர வேண்டும். மொட்டுப்புழுவுக்கு முந்தின நாள் மாலைதான் மருந்து அடித்திருப்பார்கள். இரவுப் பனியில் அந்த மருந்து மறுபடி ஈரமாகி மொட்டின் காம்பில் நிற்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தக் காம்பை ஆயிரக்கணக்கான முறை கிள்ளும். கிள்ளிய மொட்டு எங்கே போகிறது? சேலையை மடித்துக் கட்டிய மடியில். மடித்துணி நனைந்து வயிற்றோடு ஒட்டியிருக்கும். நடுவில் டீ வந்தால் அதே விரலால் டம்ளரைப் பிடித்து, அதே விரலால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி வாயில் வைப்பார்கள். மருந்து அடித்தவர் முகத்தையாவது கட்டியிருந்தார். இவர்களுக்கு அதுவும் இல்லை.

மல்லியில் தினமும் பறிப்பு இருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்பார்கள். தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, காலைப் பறிப்பு முடிந்த உடனே ஒரு பாதிக்கு மட்டும் அடியுங்கள். மாலையில் அடிப்பதைவிடப் பத்து மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், பகல் வெயிலில் காய்ந்தும் விடும். அந்தப் பாதியை மறுநாள் பறிக்காமல் விட்டுவிடுங்கள். எந்தப் பயிரானாலும் லேபிளில் வேறு சொல்லாதவரை ஒரு நாள் முழுக்க, சிவப்பு மஞ்சள் மருந்துக்கு இரண்டு நாள், ஆள் இறங்கக் கூடாது. மடிக்கு உள்பக்கம் ஒரு பாலிதீன் தாள் வைக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையில் மொட்டுக் கிள்ள வரும், இரண்டு நாளில் கை பழகிவிடும். டீ கொடுப்பதற்கு முன் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் வைப்பது தோட்டக்காரர் வேலை. வரப்பில் நேற்று மருந்து பட்ட புல்லை மாட்டுக்கு அறுக்கிறார்களா என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

அடிக்காமலே விடுவது சில இடங்களில் பயிருக்கும் நல்லது. மரவள்ளியில் 2020இல் புது மாவுப்பூச்சி நம் நாட்டில் தென்பட்டது. நுனி சுருண்டு கொத்துக் கொத்தாகிவிடவே, பயந்துபோன பலர் கிடைத்ததையெல்லாம் அடித்தார்கள். பூச்சியின் மேல் மெழுகு மாவு இருக்கிறது. மருந்து அதில் உருண்டு ஓடிவிடும். செத்தது அதைத் தின்ற நல்ல பூச்சிகள்தான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து, 2022இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்காக விடத் தொடங்கினார்கள். மாவுப்பூச்சி பழுப்பாகி, உப்பி, முதுகில் ஒரு சின்ன ஓட்டையோடு காய்ந்திருந்தால் குளவி உங்கள் காட்டுக்கு வந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு ஒரு டேங்க் அடித்தாலும் அது போய்விடும். கொத்தான நுனியைக் கிள்ளிப் பையில் போட்டு எரிப்பதும், பூச்சி இல்லாத தோட்டத்துக் கரணையை மட்டும் நடுவதும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மலையில் கணக்கு வேறு. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தின் கீழ் ஓரத்தில்தான் ஊற்று இருக்கும். அந்த ஊற்றில்தான் கீழ்க் கிராமம் குடம் நிரப்பும். திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் இந்தச் சேர்வராயன் சரிவுகளில் பிறந்து சமவெளிக்கு இறங்குகிறவை. சரிவில் கவிழ்ந்த டேங்க் சமவெளியில் கவிழ்ந்த டேங்க் மாதிரி அங்கேயே நிற்காது. மலையில் 16 லிட்டர் டேங்கில் 10 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். வழுக்காத பூட்ஸ் போட்டு, மேலும் கீழுமாக ஏறி இறங்காமல் சரிவுக்குக் குறுக்கே நடங்கள். ஊற்றையும் ஓடையையும் ஒட்டிய சில வரிசைகளுக்கு மருந்தே வேண்டாம். மாலையில் மழை வரும் போலிருந்தால் அன்றைக்கு வேலையையே நிறுத்துங்கள். மழைக்குப் பின் காப்பி வெள்ளையாகப் பூத்து நிற்கிற நாட்களில் தேனீ நிறைந்திருக்கும். அப்போதும் டேங்க் எடுக்கக் கூடாது.

காப்பிக்கு வருகிற தண்டுத் துளைப்பானுக்குப் பழைய காலத்தில் லின்டேன்கூடத் தண்டில் பூசியிருக்கிறார்கள். அதற்குச் சுண்ணாம்பே போதுமான காவல். ஏப்ரல் மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு பறக்கும். அதற்கு முன்பே துளைத்த செடியைத் தேடிப் பிடுங்கி எரித்து, மற்றவற்றின் தண்டில் உரிந்து நிற்கும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டு, 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டிலும் பெரிய கிளைகளிலும் பூசினால் முட்டையிட வெடிப்பு கிடைக்காது. நிழல் குறைந்த தோட்டத்தில்தான் இந்த வண்டு அதிகம், ஆகவே நிழல் மரத்தை அளவுக்கு மேல் கழிக்காதீர்கள்.

இலைத்துருவுக்குப் போர்டோ கலவை. அரைச் சதவீதத்துக்கு 100 லிட்டர் தண்ணீர், அரை கிலோ மயில்துத்தம், அரை கிலோ சுட்ட சுண்ணாம்பு. மயில்துத்தத்தை 50 லிட்டரில் பிளாஸ்டிக் டிரம்மில் கரையுங்கள், இரும்பு ஏனம் கூடாது. சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் நீர்த்து ஆறவிடுங்கள். பிறகு மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் அதில் அமிழ்த்தி எடுத்தால் சிவப்பாகப் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு நீர் இன்னும் வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும். இது பூச்சி மருந்தைப் போல நரம்பைத் தாக்காது, ஆனால் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் பார்வையே போகலாம். இங்கே கண்ணாடிதான் கட்டாயம்.

வேலை முடிந்தபின் கிடக்கிற காலிப் பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அரை நிமிடம் குலுக்கி, அந்தக் கழுவலையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை இப்படி. அதற்குத்தான் கடைசி டேங்கில் கொஞ்சம் இடம் விடுவது. பிறகு அடியில் ஆணியால் குத்திவிடுங்கள், யாரும் எண்ணெய் வாங்க எடுத்துப் போக மாட்டார்கள். மிச்ச மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் குழந்தைகளைக் கொல்கிறது. வாங்கிய பாட்டிலிலேயே, பூட்டிய பெட்டியில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும், சாவி ஒருவரிடம் மட்டும். கோபத்திலோ துக்கத்திலோ இருக்கிற எவர் கைக்கும் அது எட்டக் கூடாது. மருந்துத் துணியைக் கழற்றியதும் தனி வாளியில் அலசி, கையுறை போட்டுக்கொண்டு சோப்புப் பொடியில் இரண்டு முறை துவைத்து வெயிலில் போடுங்கள். வீட்டுப் பெண்கள் வெறுங்கையால், குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கும்படி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருவருக்குத் தலைசுற்றுகிறது என்று வையுங்கள். "வெயில் தாங்கல" என்று மோர் குடித்துவிட்டு வேப்ப மரத்தடியில் படுப்பார். பக்கத்தில் போய்க் கண்ணைப் பாருங்கள். கண்பாப்பா கடுகு மாதிரி சுருங்கியிருக்கிறதா? வாயில் எச்சில் ஊறி வழிகிறதா? கண்ணீர், வாந்தி, வயிற்றுப்போக்கு, நெஞ்சில் கரகரப்பு, தொடையிலும் கண் இமையிலும் சதை துடிப்பது இவற்றில் ஏதேனும் உண்டா? இருந்தால் அது வெயில் அல்ல, மருந்து. தினக்கூலிக்கும் டேங்குக் கணக்குக்கும் நாள் தவறாமல் மருந்து அடிக்கிறவர்களுக்கு இது திடீரென்று வருவது போலத் தெரியும். உண்மையில் நரம்பைக் காக்கிற கோலினெஸ்டரேஸ் என்ற நொதி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்திருக்கும், அது பழையபடி ஊற வாரக்கணக்கில் ஆகும். முன்பு ஒன்றும் செய்யாத அதே மூன்று டேங்க் இன்றைக்கு ஆளைச் சாய்த்துவிடும். சீசனுக்கு முன்னும் நடுவிலும் இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டால் முன்கூட்டியே தெரியும்.

உடனே துணி முழுவதையும் கழற்றுங்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் தலை, நகக்கண், இடுக்கு எல்லாம் 15 நிமிடம் கழுவுங்கள். கழுவுகிறவர் கையிலும் கையுறை வேண்டும். கண்ணில் பட்டிருந்தாலும் 15 நிமிடம் தண்ணீர். வாய்வழி போயிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய்க் கலவை மருந்து வாந்தியில் நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். பால், மோர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். நினைவு தப்பினால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். 108க்கு அழைத்து, மருந்துப் பாட்டிலையோ லேபிள் படத்தையோ கூடவே எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் முதல் மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள். பாஸ் குடும்ப மருந்துக்கு அட்ரோபின் ஊசி உண்டு, நேரம்தான் முக்கியம்.

பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது அதற்குப் பிறகுதான். மறுநாள் ஆள் எழுந்து பேசுவார், இட்லி சாப்பிடுவார், "வீட்டுக்குப் போலாம்" என்பார். கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்து விடுவார்கள். பாஸ் குடும்ப மருந்தில் ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துச் சதையும் மூச்சுச் சதையும் திடீரெனத் தளர்ந்துபோவது உண்டு. அப்போது செயற்கை சுவாசம் பக்கத்தில் இருந்தால்தான் பிழைப்பார். அந்த நான்கு நாளும் ஆஸ்பத்திரியிலேயே இருங்கள். காலையும் மாலையும் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்லிப் பாருங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்கத் திணறினால், அடுத்த ரவுண்டுக்கு டாக்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.